யூகிக்கத் தெரியாத கண்

நறுமுகைக்கு இரண்டாம் முறை பார்வை போனபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதல் முறை அது மெல்லப் போயிற்று. கல்லூரி முடித்த வயதில் விழித்திரை நோய் வந்து, ஓரங்களில் தொடங்கிய மங்கல் உள்நோக்கி நகர்ந்து, மகள் ஆதிரை பிறந்த சமயத்தில் முழு இருட்டாகிவிட்டது. மகளின் முகத்தை அவள் விரல்களால்தான் படித்தாள். ஆதிரைக்கு எட்டு வயதானபோது கதிர்விழி என்ற நிறுவனத்தின் தகடுகளை அவள் கண்களுக்குள் வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா இருக்கும். அது எடுக்கும் படம் நிறுவனத்தின் கணினிக்குப் போய், சீராக்கப்பட்டு, கண் இமைப்பதற்குள் தகட்டுக்குத் திரும்பி வரும். ஐந்து வருடம் அப்படித்தான் உலகத்தைப் பார்த்தாள்.

இந்த முறை எல்லாம் ஒரே நொடியில் முடிந்தது. கத்தி, பலகை, பச்சை நிறத் துண்டுகள் எல்லாம் இருந்தன. பிறகு எதுவும் இல்லை. காதில் ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது: "கதிர்விழி சேவை இன்றுடன் நிறைவு பெறுகிறது. இத்தனை காலம் எங்களுடன் இணைந்திருந்தமைக்கு நன்றி."

நறுமுகை கத்தியைத் தடவிப் பார்த்துப் பலகையின் மேல் வைத்தாள். "ஆதிரை" என்று கூப்பிட்டாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

நிறுவனம் திவாலாகிவிட்டது என்பது மாலைக்குள் தெரிந்தது. மாநிலம் முழுவதும் சில நூறு பேர் அதே நொடியில் அவரவர் இருந்த இடத்தில் நின்றுபோயிருந்தார்கள்.

வேலைக்கு ஆபத்தில்லை. மனம் உடைந்தவர்கள் கூப்பிடும் ஓர் உதவி எண்ணில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. அதற்குக் காது போதும். 'நல்லா இருக்கேங்க' என்று ஒருவர் சொல்லும் விதத்திலேயே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள் என அவளுடைய சக ஊழியர்கள் சொல்வார்கள். வீட்டில் அவளும் ஆதிரையும் மட்டும். கணவர் பிரிந்துபோய் வெகு காலமாகிவிட்டது. வடவள்ளியில் அந்தச் சின்ன மாடி வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அந்த வாரம் முழுக்க சுவரில் இடித்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் போகட்டும் கண்ணு" என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "உன் சிரிச்ச மொகத்த இனிமேப் பாக்க முடியாதே, அதுதான் எனக்குத் தாங்க முடியல."

ஆதிரை சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

*

ஷமீமாவை வீட்டுக்கு அழைத்து வந்தது ஆதிரைதான். ஷமீமா உக்கடத்துக்காரி. பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கட்டுப்பாட்டுப் பலகைகளை வடிவமைக்கும் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடிக் கூடத்தில் மின்னணுக் கருவிகளைச் செய்து பழகும் கூட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று யார் யாரோ வருவார்கள். ஆதிரை அங்கே இருட்டினால் தானே எரியும் ஒரு விளக்கைச் செய்து முடித்திருந்தாள்.

"அக்கா, கைய நீட்டுங்க" என்றாள் ஷமீமா. உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. சட்டைப் பித்தானைவிடச் சிறியது. இரண்டு கம்பிக் கால்கள்.

"என்னதுங்க இது?"

"எல்.டி.ஆர். வெளிச்சம் பட்டா இதோட மின்தடை கொறையும். இருட்டாச்சுன்னா கூடும். வேற ஒண்ணும் இதுக்குத் தெரியாது. ஒரு சாதா ரெசிஸ்டரோட சேத்துக் கட்டிட்டா, நடுவுல கிடைக்கிற வோல்டேஜ் வெளிச்சத்துக்குத் தக்கன ஏறி இறங்கும். ஆதிரையோட விளக்கு அதப் பாத்துத்தான் எரியுது."

"எனக்கெதுக்கு விளக்கு?"

ஆதிரை குறுக்கிட்டாள். "அம்மா, இது விளக்குகிட்ட சொல்றத ஏன் உன் தகடுகிட்ட சொல்லக் கூடாது? தகடு இன்னும் உள்ளதான இருக்கு. அது கெட்டுப்போகல. அதுகிட்டப் பேசத்தான் ஆளில்ல."

நறுமுகை அந்தச் சின்னப் பொருளை விரல்களுக்கிடையில் உருட்டினாள். அதன் முகத்தில் பாம்பு நெளிந்ததுபோல ஒரு கோடு இருப்பதாக ஆதிரை சொன்னாள். நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"கண்ணு விஷயம். விளையாட்டில்ல" என்றாள்.

"அதனாலதான் டாக்டர்கிட்டப் பேசிட்டு வந்திருக்கேன்" என்றாள் ஷமீமா.

நறுமுகைக்கு அறுவை செய்த டாக்டர் அருளானந்தம் முதலில் மறுத்திருந்தார். மறுநாள் அவரே ஷமீமாவைக் கூப்பிட்டார். அறுவை முடிந்ததும் தகடு வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. அதற்கு நிறுவனத்தின் கணினி தேவையில்லை. வெறும் அளவுகளைக் கொடுத்தால் போதும், தகட்டுக்கு அனுப்பிவிடும். "கண்ணுக்கு ஆகாத அளவு கரண்ட்ட எப்படியும் அது விடாது" என்றார் நறுமுகையிடம். "அந்தப் பூட்டு உள்ளயே இருக்கு. நான் பக்கத்துல இருப்பேன். ஆனா பெரிசா எதிர்பாக்காதீங்கம்மா. எனக்கே இது எப்படி வரும்னு தெரியல."

ஒரு சைக்கிள் ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் வரிசை வரிசையாக எல்.டி.ஆர்.களைப் பதித்தார்கள். எல்லாப் பக்கத்து வெளிச்சமும் எல்லாவற்றிலும் விழுந்துவிடாமல், ஒவ்வொன்றும் தனக்கு நேரே இருப்பதை மட்டும் பார்க்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு உறிஞ்சுகுழாய்த் துண்டைச் செருகினார்கள். ஹெல்மெட்டிலிருந்து ஒரு கம்பி சோதனைப் பெட்டிக்குப் போனது.

"எப்படி இருக்கு?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டாள் நறுமுகை.

"முள்ளம்பன்றி மாதிரி இருக்கம்மா" என்றாள் ஆதிரை.

*

நூலகக் கூடத்தில், நல்ல வெயில் நேரத்தில் பெட்டியை இயக்கினார்கள். பேச்சுச் சத்தம் நின்றது. அருளானந்தம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருட்டுக்குள் ஓர் இடம் வெளுத்தது. தலையைத் திருப்பினாள். வெளுப்பும் இடம் மாறியது. மறுபடி திருப்பினாள். சதுரம் சதுரமான திட்டுகள். சில வெளிச்சம், சில சாம்பல், மற்றவை கறுப்பு.

"அது ஜன்னலா?"

"ஆமாக்கா. உங்களுக்கு நேரா."

யாரோ ஜன்னலை மறைத்து நடந்தார்கள். வெளிச்சத் திட்டில் கறுப்பு ஒன்று நகர்ந்தது. ஆனால் ஆள் போன பிறகும் அந்தக் கறுப்பு கொஞ்சம் தயங்கி நின்று பிறகுதான் விலகியது.

"இதுக்குக் கொஞ்சம் மந்த புத்தி" என்றாள் ஷமீமா. "வெளிச்சம் மாறினத ஒத்துக்கறதுக்குச் சித்த நேரமாகும்."

கூடத்தில் கை தட்டினார்கள். நறுமுகையும் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஐந்து வருடம் மரத்தில் இலைகளையும் கடைப்பலகையில் எழுத்துகளையும் பார்த்தவள்.

"இதுல மொகம் தெரியாதுங்களா?"

"தெரியாதுக்கா. இதுக்கு மொகம்னா என்னன்னே தெரியாது. யூகிக்கவும் தெரியாது. வெளிச்சம் இருந்தா இருக்குங்கும், இல்லாட்டி இல்லங்கும். அவ்வளவுதான்."

இருந்தாலும் அந்த முள்ளம்பன்றி உதவியாகத்தான் இருந்தது. வாசல் எது, சுவர் எது என்று தெரிந்தது. தெருவில் நிற்கும் வண்டிகள் கறுப்பாக எழுந்து எச்சரித்தன. டாக்டர் வாரம் ஒருமுறை வந்து பார்த்தார். நறுமுகை பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டோடு பால் வாங்கப் போனாள். பிள்ளைகள் பின்னால் ஓடி வந்து கேள்வி கேட்டார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம். வெயில் சாய்ந்து மேற்கு ஜன்னல் முழுக்க வெளிச்சம். நறுமுகை நாற்காலியில் உட்கார்ந்து, மறுநாள் பேசவேண்டியவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். ஆதிரை ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நறுமுகைக்கு அவள் ஒரு கறுப்புத் தூண். இரண்டு பக்கமும் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தின் விளிம்புகள் நடுங்கின.

கம்பி தளர்ந்துவிட்டதோ என்று நறுமுகை ஹெல்மெட்டை அழுத்திப் பார்த்தாள். ஜன்னலின் மேல்பகுதி அசையாமல் இருந்தது. கதவோரம் அசையாமல் இருந்தது. மகளின் தோள் இருக்கும் இடம் மட்டும் விட்டு விட்டுக் குலுங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

"ஆதிரை" என்றாள். "அழறியா?"

குலுக்கம் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோள் ஆடுது."

ஆதிரை ஜன்னலைவிட்டு விலகி வந்தாள். பிறகு, "என்கூடப் படிக்கிற ஹாசினி ஸ்கூல விட்டுப் போறா. ஒண்ணுமில்லம்மா. அதுக்குத்தான்" என்றாள்.

"அதுக்கு ஏன் சத்தமில்லாம அழற? அம்மாகிட்டச் சொல்லலாமில்ல? நீ அழுது நான் பாத்ததே இல்ல. எப்பவும் சிரிச்ச மொகமாத்தான..."

"நான் எப்பம்மா சிரிச்சேன்?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. அதுதான் நறுமுகையை எழுந்து நிற்க வைத்தது.

"நாலாவது படிக்கிறப்ப," என்று தொடங்கினாள் ஆதிரை, "அப்பா போன் பண்ணாரு. வேற கல்யாணம் ஆயிருச்சு, இனிமே வரமாட்டேன்னு சொன்னாரு. நான் சத்தமே வராம அழுதுட்டே உன்கிட்ட ஓடி வந்தேன். நீ என் மூஞ்சிய நேராப் பாத்து, 'என்ன கண்ணு, இன்னிக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்க'ன்னு கேட்ட."

நறுமுகைக்கு அந்த நாள் நினைவிருந்தது. பார்வை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மகள் ஓடி வந்தாள். கண்கள் பளபளத்தன. வாய் விரிந்திருந்தது. எத்தனை அழகான சிரிப்பு என்று அன்று அலைபேசியில் தோழிகளிடமெல்லாம் சொல்லியிருந்தாள்.

"நீ சிரிச்ச, ஆதிரை. நான் பாத்தேன்."

"இல்லம்மா" என்றாள் ஆதிரை. "அதுக்கப்புறம் உன் முன்னால அழறதில்லன்னு வெச்சுக்கிட்டேன்."

*

ஷமீமா பழைய மூக்குக்கண்ணாடியைத் திறந்து, அதன் நினைவகத்தில் மிச்சமிருந்ததை எடுக்க ஒரு வாரம் பிடித்தது. கேமரா அனுப்பிய படமும், திருத்தப்பட்டுத் திரும்பி வந்த படமும் சோடி சோடியாக இருந்தன. கடைசி சில நாட்களின் படங்கள் மட்டும்.

"சொல்லுங்க" என்றாள் நறுமுகை. "எனக்காக மெதுவாச் சொல்ல வேண்டாம்."

"கேமரா அனுப்பின படத்துல ஆதிரை உம்முனு உக்காந்திருக்கா" என்றாள் ஷமீமா. "திரும்பி வந்த படத்துல சிரிக்கிறா. அடுத்தது உங்க பால்காரர்னு நெனைக்கிறேன். அவரும் அதே மாதிரிதான். யாரோ ஒரு பாட்டி இருமுறாங்க. வந்த படத்துல சிரிக்கிறாங்க."

"எல்லாருமா?"

"பாத்த வரைக்கும் எல்லாரும்."

"எதுக்குங்க இப்படிப் பண்ணாங்க?"

"கெட்ட எண்ணத்துல பண்ணிருக்க மாட்டாங்கக்கா. தகட்டுல கிடைக்கிற மொகம் மங்கலாத்தான் இருக்கும். அப்படியே அனுப்பினா பாக்கறவங்க மிரண்டுருப்பாங்க. அதனால தெரியாத எடத்தக் கணினிய விட்டு நெரப்பச் சொல்லிருக்காங்க. கண்ணு, மூக்கு, நெத்தியெல்லாம் அளந்து வெச்சது. அது ஆதிரையோடதுதான். வாய்தான் சட்டுனு மாறுது, அளக்க நேரம் பத்தாது. அங்க அது யூகிச்சிருக்கு. எந்த யூகத்துக்குப் பாக்கறவங்க சந்தோஷப்பட்டாங்களோ, அதையே திரும்பத் திரும்ப யூகிக்கக் கத்துக்கிருச்சு."

போனில் பேசுகிற முகம் தெரியாதவர்களின் மௌனத்தில்கூட அழுகையைக் கண்டுபிடிப்பவள் நறுமுகை. மகள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததையும், பதில் சொல்லுமுன் மூச்சிழுத்ததையும் கேட்டுத்தான் இருந்தாள். கேட்டபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தால் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் சொன்னதை நம்பிக் காதை ஓரம் தள்ளிவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆதிரையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலாவதுல இருந்து சொல்லு" என்றாள். "நான் கேக்கறேன்."

ஆதிரைக்குச் சொல்ல நிறைய இருந்தது. அது ஓர் இரவில் முடியவில்லை. சில நாள் கோபமாகவே பேசினாள். நறுமுகை நடுவில் பேசாமல் கேட்டாள். உதவி எண்ணில் அவள் அப்படிக் கேட்பது வழக்கம். வீட்டில் அது புதிதாக இருந்தது.

*

ஹெல்மெட்டைப் பற்றிய செய்தி பரவியதும் தகடு வைத்திருந்தவர்கள் நூலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஷமீமாவின் கூட்டம் ஹெல்மெட்டுகள் செய்துகொண்டே இருந்தது. அருளானந்தம் மற்ற ஊர் மருத்துவர்களிடம் பேசிச் சோதனைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். திருச்சியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கூடத்தை மூன்று முறை சுற்றி வந்து, யாரையும் தொடாமல் தன் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

சிரிப்பு விஷயத்தை நறுமுகை அவர்களிடம் சொன்னபோது கூடத்தில் குழப்பம் ஏற்பட்டது. சிலர் நம்பவில்லை. சிலர் உடனே வீட்டுக்குப் போன் செய்தார்கள். பழனிவேலு என்ற முதியவர், சூலூர்க்காரர், கடைசியில் எழுந்தார்.

"என் சம்சாரம் ஆஸ்பத்திரில கெடந்து போச்சுங்க" என்றார். "வலி தெரியாம, சிரிச்ச மொகத்தோட போயிட்டான்னு நெனச்சுட்டிருக்கறேன். அந்த நெனப்புலதான் சோறு எறங்குது. அத எதுக்கம்மிணி நீ புடுங்கற?"

நறுமுகை அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "வேணுங்கறவங்க வெச்சுக்கட்டும் ஐயா" என்றாள் பிறகு. "எனக்கு வேண்டாம். என்னக் கேட்டுட்டுக் குடுத்திருந்தா நான் அப்பவே வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். யாரும் கேக்கல."

கதிர்விழியின் உரிமையை வேறொரு நிறுவனம் வாங்கியது. பார்வையைத் திரும்பத் தருவதாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்கள். நறுமுகையிடம் பேசிய இளைஞன் பணிவாகப் பேசினான்.

"எனக்கு நெரப்பாம அனுப்ப முடியுங்களா?" என்று கேட்டாள்.

"மேடம், அது ரொம்ப மங்கலா இருக்கும். சில முகங்கள் சரியா தெரியாது. வாடிக்கையாளர்கள் அதை விரும்பறதில்ல."

"நான் விரும்பறேன். தெரியாத எடம் தெரியாததாவே இருக்கட்டும்."

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். அவள் விடவில்லை. திருச்சி வழக்கறிஞர் சேர்ந்துகொண்டார். அருளானந்தம் மருத்துவர்கள் சங்கத்தில் பேசினார். மாதங்கள் போயின. அதுவரை முள்ளம்பன்றிகள்தான் ஊரெங்கும் நடமாடின. கடைசியில் நிறுவனம் இறங்கி வந்தது. இனிமேல் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பார்கள்: நிரப்பட்டுமா, வேண்டாமா? பழனிவேலு நிரப்பச் சொன்னார். நறுமுகை அவருக்கு வாழ்த்துச் சொன்னாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

*

மருத்துவமனையில் புது மூக்குக்கண்ணாடியை மாட்டியதும் உலகம் மழைச்சாரலுக்குப் பின்னால் இருப்பதுபோலத் தெரிந்தது. புள்ளிகள் நடுங்கின. நிறம் கொஞ்சம்தான். டாக்டரின் முகத்தில் மூக்குக்குக் கீழே ஒரு தெளிவில்லாத நிழல் அசைந்தது. கிட்டப் போனால் அது வாயானது.

கைக்கெட்டும் தூரத்தில், சுவரில் ஒரு பெண் கடுகடுவென்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரங்கள் கீழே இறங்கியிருந்தன. யாரிவள் என்று நினைத்துத் தலையைத் திருப்பினாள். அந்தப் பெண்ணும் திருப்பினாள்.

"கண்ணாடிம்மா" என்றாள் ஆதிரை.

"நான் எப்பவுமே இப்படியா இருப்பேன்?"

"எனக்கு நெனவு தெரிஞ்சதுல இருந்து." ஆதிரை கொஞ்சம் தயங்கினாள். "எம்மேல கோவமா இருக்கறன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தேன். வாயில சந்தோஷமாப் பேசுவ, மூஞ்சி இப்படி இருக்கும். எத நம்பறதுன்னு தெரியாது."

நறுமுகை கண்ணாடிக்கு இன்னும் அருகில் போய் நின்றாள். அந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ முறை தலை வாரும்போது தன்னைப் பார்த்திருக்கிறாள். மலர்ந்த முகம். அந்த முகம்தான் மகளுக்கும் தெரிகிறது என்று நினைத்து வாழ்ந்திருக்கிறாள்.

"இது கோவமில்ல கண்ணு" என்றாள். "இது நான் யோசிக்கிற மூஞ்சி போல இருக்கு."

"இப்பத் தெரியுது" என்றாள் ஆதிரை.

காந்திபுரம் போகும் பேருந்தில் ஏறினார்கள். நல்ல கூட்டம். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நறுமுகை வெளியே பார்க்காமல் உள்ளே திரும்பி உட்கார்ந்து, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் மங்கல்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் தெரிந்தார்கள். புருவம் சுருங்கிய ஒரு பெண். கன்னத்தைக் கையில் தாங்கிய ஒருவர். அலைபேசியை வெறித்த இரண்டு மாணவர்கள்.

"யாருமே சிரிக்கலையே கண்ணு" என்று மகளின் காதில் சொன்னாள்.

"திங்கக்கெழம காலைலம்மா" என்றாள் ஆதிரை. "யாரு சிரிப்பாங்க?"

நறுமுகை அடுத்த இருக்கையைப் பார்த்தாள். அங்கே ஒரு மீசைக்காரர் வாயைப் பிளந்து நீளமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவர் விட்டு முடிக்கும்வரை பார்த்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டு அவளை முறைத்தார். கண்ணை எடுக்காமல் அந்த முறைப்பையும் முழுவதுமாகப் பார்த்தாள்.